இல்லை என்பாரின் சமயம்: மணிமேகலையின் பூதவாதி பற்றிய ஓர் ஆய்வு

கடவுளும் மறுமையும் இல்லை என்னும் கொள்கையும் ஒருவகை நம்பிக்கையே என்பது இக்காலத்துச் சொற்போர்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் கூற்று. சமயச் சார்புடையோர் இதனை எதிரியை மடக்குதற்குரிய கருவியாகக் கொள்வர். காணாத கடவுளை யாம் நம்புகின்றோம் எனின், காணாத இன்மையை நீவிர் நம்புகின்றீர். ஆதலின் இரு திறத்தாரும் ஒரே நிரையினர் என்பது அவர்தம் வாதத்தின் சாரம். நாத்திகக் கொள்கையினரோ, நம்பாமை என்பது நம்பிக்கையின் இன்மையேயன்றி மற்றொரு நம்பிக்கையன்று என மறுப்பர். இவ்வழக்கு மேனாட்டுத் தத்துவ நூல்களின் துணைகொண்டே பெரிதும் ஆராயப்படுகின்றது. தமிழ்ப் பனுவல்களில் இதற்கு இடம் உண்டோ, உண்டெனின் அவை யாது கூறுகின்றன என்னும் வினா உரிய அளவில் எழுப்பப்படவில்லை. மணிமேகலையின் 27ஆம் காதையாகிய சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதையில் வரும் பூதவாதியின் பகுதியை நடுவாக வைத்து அவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராயப் புகுமுன் ஒன்று கூறுதல் வேண்டும். நாத்திகம் மெய்யோ பொய்யோ என்பது ஈண்டு எம் ஆராய்ச்சிக்கு உரியதன்று. அதனைத் தமிழ் நூலோர் எவ்வினத்துள் வைத்து எண்ணினர், எவ்வகையால் மறுத்தனர் என்பனவே உரியன.

1. சொற்பொருள்

மதம், சமயம், நம்பிக்கை என்னும் மூன்று சொற்களும் இன்று ஒருபொருட் பன்மொழிகள் போல வழங்குகின்றன. ஒருவர் எம்மதத்தினர் என்று வினவுவதும், எந்நம்பிக்கையினர் என்று வினவுவதும் ஒன்றெனவே கருதப்படும். பழைய வழக்கு அன்னதன்று.

மதம் என்பது வடமொழியில் எண்ணுதற்பொருள் தரும் வேரினின்று பிறந்த சொல். எண்ணிக் கொள்ளப்பட்ட கருத்தே அதன் முதற்பொருள். தமிழிலக்கணத்தார் அதனை இப்பொருளிலேயே ஆண்டனர் என்பதற்கு நன்னூற் பொதுப்பாயிரம் சான்றாகும். நூலுக்குரிய எழுவகை மதங்களைக் கூறும் பவணந்தியார், பிறர் கருத்தை உடன்படுதலை முதலாவதாகவும் மறுத்தலை இரண்டாவதாகவும் வைத்தார். எவருடனும் படாது தன் கருத்தையே கொள்ளுதலை ஏழாவதாக வைத்தார். மறுத்தலும் ஒரு மதம் என்பதில் அவர்க்கு ஐயமில்லை. இங்கு மதம் என்பது ஆசிரியன் ஒரு பொருள்பற்றி மேற்கொள்ளும் நிலைப்பாடேயன்றி வழிபாடும் அன்று, பற்றுறுதியும் அன்று.

நாத்திகம் என்னும் சொல்லின் வரலாறும் இதற்கு அரண் செய்கின்றது. பாணினி தம் நூலின் நான்காம் அத்தியாயத்து நான்காம் பாதத்து 60ஆம் நூற்பாவில், உண்டு என்னும் மதியுடையானை ஆத்திகன் எனவும், இல்லை என்னும் மதியுடையானை நாத்திகன் எனவும் கூறுதற்கு விதி வகுத்தார். உண்டு, இல்லை என்னும் இரண்டும் மறுவுலகைப் பற்றியன என்பது காசிகையுரையின் விளக்கம். உடன்பாட்டையும் மறுப்பையும் ஒரே விதியின்கீழ், மதி என்னும் ஒரே சொல்லால் இலக்கணத்தார் அடக்கினர் என்பது நோக்கத்தக்கது. பின்னர் மனுநூல் வேதத்தைப் பழிப்பவனே நாத்திகன் என வரையறுத்தது. ஆகவே நாத்திகன் என்னும் சொல் முதலில் மறுமையையும், பின்னர் வேதத்தையும், இறுதியில் கடவுளையும் மறுப்பவனைச் சுட்டுவதாக நெகிழ்ந்து வந்துள்ளது.

நம்பிக்கை என்னும் சொல் இவற்றினின்று வேறுபட்ட வழியில் வந்தது. தொல்காப்பியர் உரியியலில் நம்பு என்பதற்கும் மேவு என்பதற்கும் நசை என்னும் பொருளையே கூறினார். விரும்பிப் பற்றுதலே அதன் பழம்பொருள். ஒருவரை ஆராய்ந்து ஏற்றுக்கொள்ளும் பொருளுக்குத் திருவள்ளுவர் பெரிதும் ஆண்ட சொற்கள் தெளிதலும் தேறுதலுமாம். தெரிந்துதெளிதல் என்னும் 51ஆம் அதிகாரத்தின் பெயரே ஆராய்ச்சி முன்னும் தெளிவு பின்னும் வருதலை உணர்த்தும். ஆராயாது தெளிதலை அவ்வதிகாரம் கடிந்துரைக்கின்றது. எனவே, பற்றினால் கொள்ளுவது நம்பிக்கை எனவும், ஆராய்ச்சியால் கொள்ளுவது தேற்றம் எனவும் நாம் இக்கட்டுரையுள் வேறுபடுத்தி வழங்குவோம். இவ்வேறுபாடு பழைய நூல்களில் எங்கும் ஒரே சீராகப் போற்றப்பட்டது என்பது எம் கருத்தன்று. ஆயின் அவ்வேறுபாட்டைக் கூறுதற்குத் தமிழில் சொல் இருந்தது என்பது தெளிவு.

2. சமயங்களை எண்ணும் முறை

சமயம் என்னும் தொகையுள் நாத்திகம் எண்ணப்பட்டதோ எனின், எண்ணப்பட்டது என்பதே விடை. வஞ்சி நகரில் மணிமேகலை முதற்கண் காணும் அளவைவாதி, ஆறு சமயங்களையும் அவற்றின் ஆசிரியர் அறுவரையும் நிரல்படக் கூறுகின்றான். உலோகாயதம், பௌத்தம், சாங்கியம், நையாயிகம், வைசேடிகம், மீமாஞ்சகம் என்பன அவை. பிருகற்பதி, சினன், கபிலன், அக்கபாதன், கணாதன், சைமினி என்போர் அவர். இந்நிரலில் உலோகாயதம் தலைமையிடம் பெற்றுள்ளது. அளவைவாதி வேத வழியினன். அவனே வேதத்தைக் கொள்ளாத உலோகாயதத்துக்குச் சமயம் என்னும் பெயரை மறுக்கவில்லை. காதையின் இறுதியிலும், பூதவாதியின் உரையைக் கேட்ட பின்னரே மணிமேகலை ஐவகைச் சமயமும் அறிந்தனள் எனக் காப்பியம் முடிக்கின்றது. பத்துக் கணக்கர் கூறியவற்றை ஐந்தாகத் தொகுக்கும் முறை எதுவாயினும், பூதவாதம் அத்தொகைக்குப் புறம்பாகாது.

சைவ சித்தாந்த நூல்களிலும் இந்நிலையே காணப்படும். 13ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் மறுத்தற்கெனப் பதினான்கு கொள்கைகளை எடுத்துக்கொண்டு, உலகாயதன் கொள்கையை முதலில் வைத்தார். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிவஞான முனிவர், சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என நான்காகப் பகுத்தபோது, உலகாயதத்தையும் நால்வகைப் பௌத்தத்தையும் ஆருகதத்தையும் சேர்த்துப் புறப்புறச் சமயம் ஆறு என்றார். சித்தாந்தத்தினின்று மிகத் தொலைவில் நிற்பது அது. எனினும் சமயம் என்னும் வட்டத்தினின்று அது தள்ளப்படவில்லை.

இதற்குக் காரணம் யாது? ஒரு கொள்கை சமயமாதற்கு வேண்டுவன இவை என நூலோர் கருதியவை, அளவையும், அவ்வளவையால் துணியப்படும் பொருளும், அப்பொருளால் வரும் பயனுமாம். பூதவாதிக்கு அளவை காட்சி, பொருள் பூதங்கள், பயன் இம்மை இன்பம். மூன்றும் உள்ளமையின் அவன் கூற்றுச் சமயமாயிற்று. கடவுளை ஏற்றலோ பற்றுறுதியோ அதற்கு இலக்கணமாகக் கூறப்படவில்லை.

இவ்விடத்து ஒரு தடை எழும். கடவுளை மறுத்தலே நாத்திகம் எனக் கொண்டால், அதனைச் சமயத்துள் எண்ணியது முரணாகாதோ எனின், ஆகாது. கடவுளைப் படைப்போனாகக் கொள்ளாத கொள்கைகள் பல சமயங்களுள் எண்ணப்பட்டன. சமணமும் பௌத்தமும் உலகைப் படைத்த முதல்வன் ஒருவனைக் கொள்வன அல்ல. அருணந்தியார் மறுத்த பதினான்கனுள் நிரீச்சுர சாங்கியமும் ஒன்று. ஈச்சுரனைக் கொள்ளாமை அதன் பெயரிலேயே உள்ளது. மீமாஞ்சை ஆசிரியராகிய குமாரிலர் உலகைப் படைத்தோன் ஒருவன் உளன் என்பதை விரிவாக மறுத்தவர். அவரே உலோகாயதம் போலாக்கப்பட்ட மீமாஞ்சையை ஆத்திக நெறியில் மீளச் செலுத்துதலே தம் முயற்சி என்றார்.

தமிழில் பூதவாதத்தை எதிர்த்து வாதிட்ட காப்பியங்கள் இரண்டும் இதனை மேலும் விளக்குவன. மணிமேகலை பௌத்த நூல். பத்தாவதாகிய பூதவாதச் சருக்கத்தில் அக்கொள்கையை மறுக்கும் நீலகேசி சமண நூல். படைப்புக் கடவுளைக் கொள்ளாத இரு நெறியினரே பூதவாதியோடு சொற்போர் நிகழ்த்தினர். ஆகவே அவ்வழக்கின் பொருள் கடவுள் உண்மை அன்று; மறுமையும் வினைப்பயனும், அவற்றை அறிதற்குரிய அளவையுமே.

3. பூதவாதியும் மணிமேகலையும்

பூதவாதியின் கூற்றை இனிக் காண்போம். தாதகிப்பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூட்டிய வழிக் கள்ளின் களிப்புப் பிறத்தல்போலப் பூதங்களின் கூட்டத்தில் உணர்வு தோன்றும் என்றும், பூதங்கள் பிரியும் வழி அவ்வுணர்வு பறையோசைபோல் தேய்ந்து கெடும் என்றும் அவன் கூறுகின்றான். காட்சியன்றிக் கருத்தளவை கொள்ளத்தக்கதன்று. இம்மையும் இம்மைப்பயனும் இப்பிறப்பளவில் உள்ளன. மறுமை உண்டாய் வினைப்பயன் நுகர்தல் பொய் என்பன அவன் முடிபுகள். களிப்பு உவமையின் திறம் கருதத்தக்கது. பூவில் இல்லாததும் கட்டியில் இல்லாததுமாகிய ஒரு பண்பு இரண்டன் கூட்டத்தில் பிறப்பதை யாவரும் அறிவர். உணர்வு வேறொரு பொருளினின்று வரவேண்டுவதில்லை என்பதற்கு அஃது ஏற்ற எடுத்துக்காட்டு. மறுக்கப்படும் கொள்கையைச் சாத்தனார் நலிவித்துக் கூறவில்லை.

இக்காதையில் ஏனைய கணக்கர் கூறியவற்றைக் கேட்டு அமைந்து செல்லும் மணிமேகலை, பூதவாதியிடம் மட்டும் எதிர்வாதம் செய்கின்றாள். அவ்வாதம் மூன்று படிகளாக நிகழ்கின்றது. முதற்படியில், தன் முற்பிறப்பை அறிந்தோரும் உளரோ என்னும் குறிப்புத் தோன்ற அவள் நகுகின்றாள். அவளைப் பொறுத்தவரை முற்பிறப்பு மணிபல்லவத்துப் பாதபீடிகையின்முன் நேரே விளங்கிய ஒன்று. இரண்டாம் படியில் பூதவாதி விடை தருகின்றான்: தெய்வ மயக்காலும் கனவின் திறத்தாலும் மயலுற்றோர்க்கு மனம் வேறுபட்டுத் தோன்றுவதே அஃது, ஐயமின்றி வேறில்லை. மூன்றாம் படியில் அவள் வினவுகின்றாள்: நின் தந்தை தாயரைக் கருத்தளவையால் அல்லது இவ்வுலகில் எவ்வாறு அறிவாய்? மெய்யுணர்வு இல்லார்க்கு மெய்ப்பொருள் உணர்தல் அரிது; நீ இதனை ஐயமாகவன்றிக் கூறப்பெறாய்.

இரண்டாம் படியின் விடை பொருளற்ற பிதற்றல் அன்று. காப்பியத்தை முன்னிருந்து கற்றார் அறிவர்: மணிமேகலையை உவவனத்தினின்று துயிலும் நிலையில் எடுத்துச் சென்று மணிபல்லவத்தில் வைத்தது மணிமேகலா தெய்வம். தெய்வமும் துயிலும் அவள் வரலாற்றில் உள்ளனவே. அவ்வரலாற்றை அறியாத பூதவாதி, அதன் புறத்தோற்றத்தைப் பெரும்பாலும் சரியாகவே ஊகித்துவிடுகின்றான். தான் நேரிற் கண்டதைக் காணாத பிறனொருவனுக்குக் காட்சியாக்கித் தருதல் ஒருவர்க்கும் இயலாது என்னும் உண்மை இங்கு வெளிப்படுகின்றது. அதனை உணர்ந்தவள்போல மணிமேகலை முற்பிறப்பு வாதத்தை மேலும் வற்புறுத்தாது விடுத்து, அவனுக்கும் தனக்கும் பொதுவாகிய ஓர் இடத்துக்கு வாதத்தைக் கொணர்கின்றாள். என்னை நம்பு என அவள் கூறவில்லை.

பெற்றோர் பற்றிய வினாவே இக்கட்டுரையின் கேள்விக்கு நேரே உரியது. ஒருவன் தன் தந்தை இன்னான் என்பதைப் பிறப்புக் காலத்துக் கண்டு அறிந்தானல்லன். இதனை அடிப்படையாகக் கொண்டு, பார்த்தீரோ, நீவிரும் தாய் சொல்லை நம்பித்தானே வாழ்கின்றீர் எனக் கூறுவது இன்றும் மேடைகளில் கேட்கப்படும் வாதம். மணிமேகலை கூறியது அதுவே எனப் பலர் எண்ணுவர். பாடம் அதற்கு இடந்தரவில்லை. அவள் கூறிய அளவை உரையன்று, அனுமானம். தாய் சொல்லால் தந்தையை அறிகின்றாய் என்று அவள் கூறியிருப்பின் அஃது ஆப்தர் மொழியாகிய சத்தப் பிரமாணத்தின்பாற் படும். நம்பிக்கைக்கு மிக நெருங்கிய அளவை அதுவே. அதனை விடுத்து அனுமானத்தை அவள் வாயில் வைத்தமைக்குக் காரணம் உண்டு. காஞ்சியில் அறவணவடிகள் கூறுவதாக 29ஆம் காதையில் வரும் அளவை நூற்கொள்கைப்படி, பௌத்தர்க்கு அளவைகள் காட்சியும் கருத்தும் ஆகிய இரண்டே; ஏனையவை கருத்தளவையுள் அடங்கும். சொல்லைத் தனியளவையாகக் கொள்ளாத நெறியினளுக்கு, நீயும் ஒரு சொல்லை நம்புகின்றாய் என்று கூறும் வாதம் உதவாது. ஆகவே அவள் பூதவாதியின்மேல் சுமத்தும் குற்றம் நம்பிக்கையுடைமை அன்று. தான் பயன்படுத்தும் அளவையைத் தானே மறுக்கின்றான் என்பதே குற்றம்.

காதையின் அமைப்பில் மற்றொரு குறிப்பும் உளது. மணிமேகலை அப்போது தன் உருவில் இல்லை. இளையளாகிய பெண்ணுக்குச் சமயவாதிகள் தம் பொருளை உரையார் என்பதனால் மாதவன் வடிவு கொண்டிருக்கின்றாள். காட்சி ஒன்றே அளவை என்று கூறுபவன், தன் எதிரே நிற்பது ஓர் ஆடவத் துறவி எனக் கண்ணாற் கண்டுகொண்டே அதனைக் கூறுகின்றான். இவ்வாதம் முடிந்தவுடன் அடுத்து அவளது உள்வரிக்கோலத்தைப் புலவர் சொல்லுகின்றார். காட்சியும் பிழைபடும் என்பதை வாதத்தாற் கூறாது, கேட்போன் அறியாத கோலத்தாற் கூறியது சாத்தனாரின் நயம் எனலாம்.

4. ஐயம் என்னும் எல்லை

ஐயம் என்னும் சொல் பூதவாதியின் விடையிலும் மணிமேகலையின் மறுமொழியிலும் வருகின்றது. நீ கண்டது மயக்கம் என்பதில் ஐயமில்லை என்கின்றான் அவன். நீ கூறத்தக்கது ஐயமேயன்றித் துணிவன்று என்கின்றாள் அவள். இறுதித் தொடர்க்கு இவ்வாறு பொருள்கொள்ளுதல் சொற்கிடக்கைக்குப் பொருந்தும். அங்ஙனமாயின் அவள் தீர்ப்பு மிக நுண்ணியது. மறுமையைக் காணாதவனுக்கு அதனை ஐயுறும் உரிமை உண்டு. இல்லை எனத் துணியும் உரிமை அவன் கொண்ட அளவையால் அவனுக்குக் கிடைக்கவில்லை.

பௌத்த அளவை நூலாராகிய தருமகீர்த்தி பின்னர் இதனையே இலக்கணமாக வகுத்துக் கூறினார். காணத்தக்க பொருள் காணப்படாவிடின் அஃது இல்லை எனத் துணியலாம். இயல்பிலேயே காணப்படாத பொருளைக் காணாமை ஐயத்துக்கே காரணமாகும் என்பது அவர் கொள்கை. மேசைமேல் குடம் இல்லை என்பதைக் கண்டு துணியலாம்; கண்ணுக்குப் புலனாகாத ஒன்றை அவ்வாறு துணிதல் இயலாது. சாத்தனார்க்கும் தருமகீர்த்திக்கும் கால முறையில் உள்ள தொடர்பை ஈண்டு யாம் ஆராயவில்லை. இருவர் கருத்தும் ஒரு திசையில் செல்லுதலை மட்டும் சுட்டுகின்றோம்.

ஆயின் நடுநிலையில் நின்று நோக்குவார் பூதவாதி சார்பிலும் சிலவற்றைக் கூறுதல் வேண்டும். உலோகாயதர் அனைவரும் கருத்தளவையை முற்றும் தள்ளினர் அல்லர். புரந்தரன் என்னும் உலோகாயத ஆசிரியர் உலகியலில் வழங்கும் அனுமானத்தை உடன்பட்டு, உலகியலைக் கடந்து செல்லும் அனுமானத்தையே மறுத்தார் என்பது 8ஆம் நூற்றாண்டினராகிய கமலசீலரின் உரையால் அறியப்படும். அத்தகையார்முன் மணிமேகலையின் வினா வலியிழக்கும். பெற்றோரின்றி மக்கள் பிறவாமையைப் பலரிடத்தும் கண்டிருக்கின்றோம். அதனால் என் பெற்றோரையும் துணிகின்றேன். முற்பிறப்பையோ எவரிடத்தும் கண்டதில்லை. ஆகவே இரண்டும் ஒத்த அனுமானம் அல்ல என அவர் விடை கூறுவர். இவ்விடைக்கு இக்காதையில் மறுமொழி இல்லை. காட்சியே அளவை என்னும் கடும்பிடியினரை மட்டுமே புலவர் எதிரே நிறுத்தினார் என்பதை மறைத்தல் ஆராய்ச்சிக்கு அழகன்று.

அன்றியும், 1940ஆம் ஆண்டு கைக்வாடு கீழ்த்திசை நூல்வரிசையில் அச்சேறிய சயராசியின் தத்துவோபப்பிலவசிம்மம், காட்சி உட்பட எல்லா அளவைகளையும் ஐயத்துக்கு உட்படுத்துகின்றது. அத்தகைய ஒருவரை நம்பிக்கையாளர் என்பது எவ்வாற்றானும் பொருந்தாது. உலோகாயதரின் மூலநூல்கள் முழுமையாகக் கிடைத்தில. அவர்தம் கொள்கையை நாம் பெரும்பாலும் மறுப்போர் வாய்மொழியாகவே அறிகின்றோம் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இவற்றால் பெறப்படுவது ஒன்று. இல்லை என்னும் சொல்லே ஒருவனை நம்பிக்கையாளன் ஆக்குவதில்லை; உண்டு என்னும் சொல்லும் அவ்வாறே. தான் கொண்ட அளவை எத்துணைத் தூரம் செல்லுமோ அத்துணைத் தூரம் சென்று நிற்பவனது கொள்கை தேற்றம். அளவை நின்ற இடத்திற்கு அப்பாலும் விருப்பத்தால் நடப்பவனது கொள்கை, தொல்காப்பியர் கூறிய நசைப்பொருளில், நம்பிக்கை.

5. ஐயத்தோடு வாழ்தல்

ஐயத்தில் நிற்பவன் அறத்தில் நிற்பானோ என்னும் வினா இங்கு இயல்பாக எழும். நாத்திகத்தின்மேல் பழைய நூல்கள் கொண்ட அச்சத்துக்கு இதுவே வேர். உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்பவனை அலகையாக வைத்து எண்ணும் 850ஆம் குறள், புல்லறிவாண்மை அதிகாரத்தில் உள்ளது. பரிமேலழகர் அதற்குக் கடவுள், மறுபிறப்பு, இருவினைப்பயன் முதலியவற்றைக் கொண்டு உரைவகுத்தார். வள்ளுவரோ இன்னது என விரித்துக் கூறாது உலகத்தார் உண்டு என்பது எனப் பொதுவாகவே கூறினார். அவ்வள்ளுவரே 222ஆம் குறளில், மேலுலகம் இல்லை என்று கூறப்படினும் ஈதலே நன்று என்றார். மறுமையின் உண்மையை ஒரு கணம் ஒதுக்கி வைத்தும் அறம் நிலைபெறும் என்பது அவர் துணிவு.

புறநானூற்று 214ஆம் பாட்டு இதனினும் ஒருபடி மேற்செல்கின்றது. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன் பாடிய அப்பாட்டில், நல்வினை செய்வோமோ என ஐயம் நீங்காதாரை நோக்கி, உயர்ந்த வேட்டமே தக்கது என உணர்த்தும் அரசன், மூன்று நிலைகளை அடுக்குகின்றான். நல்வினைக்குப் பயன் உண்டாயின் மேலுலக நுகர்ச்சி கூடும். அஃது இல்லையாயின் மாறிப் பிறவாமை கூடும். மறுபிறப்பே இல்லையாயினும் இசை நட்டுத் தீதில்லாத யாக்கையோடு மாய்தல் சிறப்புடையது. உயிர்விடும் வேளையில் நின்று இதனைக் கூறும் அவன், மறுமை உண்டு எனத் துணியவுமில்லை, இல்லை எனத் துணியவுமில்லை. ஐயம் நீங்காத நிலையிலும் செயல் நிற்கவில்லை. மறுமைப் பயன் கருதி அறஞ்செய்வோனை அறவிலை வணிகன் என்று 134ஆம் பாட்டில் முடமோசியார் பிரித்துக் காட்டியதும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. நம்பிக்கை இல்வழி அறமில்லை என்பது சங்கச் சான்றோர் கொள்கையன்று என இவற்றால் துணியலாம்.

6. இக்கால வழக்கு

மதம் என்பது நம்பிக்கை என்னும் பொருளோடு பிணைந்தது பிற்காலத்து நிகழ்ச்சி. பத்தி நெறி இறைவன்பால் வைக்கும் பற்றை ஞானத்தினும் மேலாக வைத்தது ஒரு காரணம். 1715இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது முதலாகக் கிறித்தவ மறையின் தமிழாக்கங்கள் பெருகின. அவற்றில் விசுவாசம் என்னும் சொல் சமய வாழ்வின் நடுச்சொல்லாக நிலைபெற்றதும் மற்றொரு காரணம் ஆகலாம். ஒருவன் இன்ன சமயத்தன் என்பதற்கு அவன் எதனை விசுவசிக்கின்றான் என்பதே அடையாளம் ஆகியபின், நாத்திகனை எங்கு வைப்பது என்னும் இடர்ப்பாடு தோன்றிற்று. அவனைச் சமயத்துக்குப் புறம்பாக்குதல் ஒரு வழி. அவனுக்கும் ஒரு நம்பிக்கையை ஏற்றிச் சமயத்துள் அடக்குதல் மற்றொரு வழி. இன்றைய வாதம் இவ்விரண்டனிடையே ஊசலாடுகின்றது.

சென்னையில் 1882 முதல் 1888 வரை வெளிவந்த தத்துவவிவேசினி, 1925இல் ஈரோட்டில் தொடங்கப்பெற்ற குடி அரசு ஆகிய இதழ்கள் வாயிலாகத் தமிழில் மறுப்புக் கொள்கை மீண்டும் தன் குரலிலேயே பேசலாயிற்று. பழைய உலகாயதனைப்போல எதிரியின் நூலுள் மட்டும் வாழும் நிலை அதற்கு இல்லை. இக்கால ஆய்வாளர்க்கு இஃது ஒரு பேறு. மறுப்போர் கூற்றினின்று ஒரு கொள்கையை ஊகித்தறிதலுக்கும், அக்கொள்கையினர் எழுத்தினின்று அறிதலுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து அளந்து காணலாம்.

2011ஆம் ஆண்டு இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தம்மை நாத்திகர் எனப் பதிந்தோர் ஏறத்தாழ 33 ஆயிரம் பேர், பிற சமயங்களும் கொள்கைகளும் என்னும் தலைப்பின்கீழ் எண்ணப்பட்டனர். அரசின் பட்டியல் வேறொரு நோக்கத்தால் எழுந்தது. எனினும், அளவைவாதி தன் நிரலில் உலோகாயதத்துக்கு இடம் தந்தது போன்றே இப்பட்டியலும் இடம் தந்துள்ளது. சமயம் என்னும் சொல்லைக் கொள்கை என்னும் பழம்பொருளிற் கொண்டால் இதில் வியப்பில்லை. நம்பிக்கை என்னும் பிற்காலப் பொருளிற் கொண்டால் இது முரணாகத் தோன்றும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். ஒன்று, தமிழ் நூன்மரபில் நாத்திகம் ஒரு சமயமே. அளவையும் பொருளும் பயனும் உடைய கொள்கை என்பதனால் அஃது அப்பெயர் பெற்றது. இரண்டு, சமயம் எனப்பட்டமையால் அஃது நம்பிக்கை ஆகிவிடாது. அதனை மறுத்த மணிமேகலையே அக்குற்றத்தை அதன்மேல் சுமத்தவில்லை. மூன்று, காணாமையினின்று இன்மையைத் துணியும் இடத்தில் பூதவாதி தன் அளவையைக் கடக்கின்றான். அவ்விடத்தில் மட்டும், அவ்வளவில் மட்டும், நம்பிக்கை என்னும் சொல் அவனுக்குப் பொருந்தும். கண்டதன் துணையின்றி உண்மையைத் துணிவோர்க்கும் அவ்வளவுகோல் பொதுவாதல் வேண்டும்.

தமிழ்ச் சமய வரலாறு எழுதுவோர் உலகாயதத்தை மறுக்கப்பட்ட ஒன்று என ஓரிரு தொடர்களில் கூறி விடுக்கும் வழக்கம் மாறுதல் நன்று. மணிமேகலை, நீலகேசி, சித்தியார் பரபக்கம் ஆகிய மூன்றிலும் வரும் உலகாயதக் கூற்றுகளை வரிசைப்படுத்தி, வடமொழி நூல்களில் உள்ளவற்றோடு ஒப்புநோக்கி, எவை பொதுவாவன, எவை தமிழ் நூலோரே அறிந்து கூறியன எனப் பிரித்துக் காணும் பணி இன்னும் நிறைவெய்தவில்லை. அதனை மேற்கொள்ளும் மாணவர், தாம் எக்கொள்கையினராயினும், மறுக்கப்படுவோன் கூற்றைக் களிப்பு உவமை உட்படச் சிதையாது எடுத்துரைத்த சாத்தனாரின் நேர்மையை முதற்கண் பின்பற்றுதல் வேண்டும் என்பது எம் கருத்து.